திரையில் இறங்கும் எடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2004 அக்டோபரில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. உடல் பருத்தவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, யார் அதிக எடையைக் குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு கொடுக்கும் போட்டி அது. பரிசுத்தொகை 2.5 லட்சம் டாலர். ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகள் இதைப் படியெடுத்தன. இந்தியாவில் 2007இல் சஹாரா ஒன் சேனல், நடிகர் சுனில் ஷெட்டியைத் தொகுப்பாளராக வைத்து 'பிக்கஸ்ட் லூசர் ஜீதேகா' என்ற பெயரில் இந்தியில் நடத்தியது.

அந்தக் காட்சிகள் இன்று துண்டு துண்டாக நம் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. நம் குறிஞ்சிப்பாடி போன்ற சிற்றூர்களிலும் ஜிம் விளம்பரத்தில் 'முன்பு, பின்பு' படங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் '21 நாள் வெயிட் லாஸ் சேலஞ்ச்' வருகிறது. பரிசுக்கு நடந்த ஒரு விளையாட்டு, சாதாரண மனிதர்கள் தங்கள் உடம்பை அளந்து பார்க்கும் கோலாக மாறிவிட்டது.

எடை நம் ஊருக்கு உண்மையான பிரச்சினைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் உடல் எடை அளவுக்கு மேல் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 என்று இருந்தது. இத்தனை பேர் வழி தேடும்போது, தவறான வழிகாட்டி பெரும் கேடு செய்யும். ஆகவே, இந்தப் போட்டிகள் நம் மனதில் விதைத்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: ஒரே வாரத்தில் 5 கிலோ குறைக்க முடியும், டிவியில் கண்ணால் பார்த்தோமே.

உண்மை: தராசு 5 கிலோ இறங்கலாம். ஆனால் அத்தனையும் கொழுப்பு இல்லை. உடம்பில் 1 கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு வாரத்தில் 5 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால் 38,500 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். சாதாரண உழைப்பு உள்ள ஒருவர் நாள் முழுவதும் செலவழிப்பதே 2,000 கலோரி அளவில்தான். ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் கிடந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.

அப்படியானால் குறைவது எது? பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன்னைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் அந்த இருப்பு கரைந்து, தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். மறுபடி இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் அது திரும்பிவிடும்.

திரையில் வரும் 'வாரம்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியப் பதிப்பில் 2008இல் கலந்துகொண்ட ஆண்ட்ரூ காஸ்டெல்லோ, ஒரு எடைபார்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே தங்களுக்கு மிகக் குறைந்தது 16 நாள், அதிகபட்சம் 25 நாள் இடைவெளி இருந்தது என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். போட்டியாளர்களுக்கு நாள் முழுவதும் உடற்பயிற்சிதான் வேலை. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தறிக்கோ வயலுக்கோ கடைக்கோ போகும் ஒரு பெண் தன்னை அவர்களோடு ஒப்பிட்டு வருந்துவது அநியாயம்.

நம்பிக்கை 2: ஒருமுறை குறைத்துவிட்டால் போதும், பிறகு அப்படியே நின்றுவிடும்.

உண்மை: இதற்கு நேரடி ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானி கெவின் ஹால், 2009இல் நடந்த எட்டாவது பருவத்தின் போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அழைத்துச் சோதித்தார். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. 30 வாரப் போட்டியில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எடை மீண்டும் ஏறியிருந்தது.

அந்தப் பருவத்தின் வெற்றியாளர் டேனி கேஹில் 195 கிலோவிலிருந்து ஏறத்தாழ 87 கிலோவுக்கு இறங்கியவர். உலகமே கைதட்டியது. பின்னர் அவருக்கும் 45 கிலோவுக்கு மேல் திரும்பி ஏறியது. கேமரா பதிவு செய்தது ஏழு மாதத்தை மட்டும். அதற்குப் பின் வந்த ஆண்டுகளை எந்தப் பருவமும் காட்டவில்லை.

நம்பிக்கை 3: எடை திரும்புவது மனஉறுதி இல்லாதவர்களுக்குத்தான்.

உண்மை: ஆயிரக்கணக்கானோரை மனம் நோகச் செய்த பொய் இதுதான். அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் அளந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரி, போட்டிக்கு முன் சராசரியாக 2,600 அளவில் இருந்தது. போட்டி முடிந்தபோது 2,000க்கு இறங்கியது. எடை மீண்டும் ஏறிய ஆறாவது ஆண்டிலும் அது 1,900 அளவிலேயே நின்றது. அவர்களுடைய வயதையும் அப்போதைய உடல் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவு. அதாவது, அவர்கள் அளவே உடல்வாகு உள்ள இன்னொருவர் சாப்பிட்டு எடை ஏறாமல் இருக்கும் அதே சாப்பாடு இவர்களுக்கு எடையைக் கூட்டும்.

பசியின் கதையும் இப்படித்தான். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு, போட்டி முடிவில் அவர்கள் ரத்தத்தில் பழைய அளவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் முழுதாக மீளவில்லை. பட்டினி என்று நினைத்துக்கொண்ட உடம்பு, செலவைச் சுருக்கி, பசியைக் கூட்டித் தன்னைக் காத்துக்கொண்டது.

நம் பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவரை யார் என்று கேளாமல் சோறு போடுகிறது. பசியைப் பிணியாகக் கண்டு, அதைப் போக்குவதை அறமாக வைத்த மண் இது. பசித்தவரை மேடையேற்றி, தோற்றால் தலைகுனிய வைக்கும் ஒரு விளையாட்டை இந்த மண்ணில் இருப்பவர்கள் ஏற்கக் கூடாது.

நம்பிக்கை 4: எப்படியோ, பார்ப்பவர்களுக்கு ஊக்கம் வருகிறதே.

உண்மை: இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் தான்யா பெர்ரி குழுவினர் 138 மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு 'பிக்கஸ்ட் லூசர்' காட்சியையும் மற்றவர்களுக்கு ஒரு பாட்டுப் போட்டிக் காட்சியையும் காட்டினார்கள். எடைப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சி மீது வெறுப்பே கூடியிருந்தது. பருத்தவர், மெலிந்தவர், ஏற்கெனவே பயிற்சி செய்பவர், செய்யாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. திரையில் உடற்பயிற்சி என்றால் அழுகை, வாந்தி, பயிற்சியாளரின் கத்தல். அதைப் பார்த்துவிட்டு யாருக்கு மறுநாள் காலை நடக்கப் போகத் தோன்றும்?

அமெரிக்காவில் 2012இல் வெளியான இன்னொரு சோதனை இதைவிடக் கவலை தருகிறது. ஒரே ஒரு பகுதியைப் பார்த்தவர்களிடம்கூடப் பருத்தவர்கள் மீதான வெறுப்பும், 'அவரவர் நினைத்தால் குறைத்துவிடலாம்' என்ற எண்ணமும் கூடியிருந்தன. நம் தெருவில் இதன் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் 'என்னடி இப்படிக் குண்டாயிட்ட?' என்று எல்லோர் முன்னாலும் கேட்கும் உறவினர், பந்தியில் இலையைப் பார்த்துக் கேலி செய்யும் சித்தப்பா, பள்ளியில் பட்டப்பெயர் வைக்கும் பிள்ளைகள். அந்தக் கேலிக்கு இந்த நிகழ்ச்சிகள் நியாயம் கற்பிக்கின்றன. கேலிக்கு ஆளானவர்கள் வெளியே நடக்கவே கூசுகிறார்கள்.

சிலருக்கு ஓர் உந்துதல் வருவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்ட முடியாத அளவை வைத்து வந்த உந்துதல், முதல் வாரத்துத் தராசிலேயே உடைந்துவிடும்.

நம்பிக்கை 5: தராசு இறங்கினால்தான் ஆரோக்கியம்.

உண்மை: இதற்கு மறுப்பு நம் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சாதாரணமாக விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேரமாவது நடந்து, சர்க்கரை, மாவுப்பண்டம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. இவர்களை ஓர் எடைப் போட்டியில் நிறுத்தியிருந்தால் முதல் வாரமே வெளியேற்றியிருப்பார்கள். ஆனால் அவர்களில் பலர் சர்க்கரை நோயிலிருந்து தப்பினார்கள்.

நம்மவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வயிற்றில் இருக்கிறது. கை கால் மெலிந்து தொப்பை மட்டும் உள்ளவருக்கும் சர்க்கரை வரும். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80க்கு மேலும் போனால் கவனம் தேவை. இதை அளக்கத் தையல்காரர் டேப் போதும்.

நம்பிக்கை 6: டிவியில் நடப்பது டிவியோடு போகும், நமக்கு என்ன கெடுதல்?

உண்மை: வேகமாகக் குறைப்பதே வெற்றி என்ற எண்ணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், இணையத்தில் பார்த்த முறைப்படி சாப்பாட்டை ஒதுக்கிப் பெரும்பாலும் தண்ணீரை மட்டுமே குடித்துவந்த 18 வயதுப் பெண் இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில், மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்துவந்த 17 வயதுப் பையன் இறந்த செய்தி வந்தது. இவை அரிதான நிகழ்வுகள்தான். ஆனால் வேகமாக எடையைக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல், முடி உதிர்தல், தசை இழப்பு வருவது அரிதல்ல. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம்.

நடிகை அனுஷ்கா தாமே எடையைக் கூட்டிக்கொண்டு நடித்து 2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' படம், விரைவாக மெலியவைப்பதாக ஆசை காட்டும் ஒரு நிலையத்தை எதிர்த்துப் போராடும் பெண்ணின் கதை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வியாபாரம் ஓயவில்லை. நிலையத்தின் இடத்தில் இப்போது பவுடர் டப்பாவும் கைப்பேசியும் இருக்கின்றன.

நம்பிக்கை 7: எப்படியும் திரும்பி ஏறத்தான் போகிறது, பேசாமல் இருந்துவிடலாம்.

உண்மை: போட்டியை நம்பியவர் மனம் உடைந்து வந்து சேரும் இடம் இது. இதுவும் தவறு. அதே 14 பேரைப் பற்றி 2017இல் வெளியான அடுத்த ஆய்வு, எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடல் உழைப்பை விடாமல் தொடர்ந்தவர்களே என்று காட்டியது. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோதான். அதை ஆறு மாதத்தில் குறைத்தாலும் போதும். டிவிக்கு அது சுவாரசியம் இல்லாத காட்சி. உங்கள் உடம்புக்கு அதுவே பெரிய லாபம்.

குறிஞ்சிப்பாடியில் இதற்குப் பணச் செலவும் இல்லை. டீயில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை, அவரை, பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்டலாம். சாயங்காலப் பஜ்ஜியை வாரத்துக்கு ஒரு நாளாக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுக்காமல் நடக்கலாம். நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடமாடலாம். பெண்கள் தனியே நடக்கக் கூச்சப்பட்டால் தெருவில் நாலு பேராகச் சேர்ந்து போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசமாகப் பார்க்கலாம். எடை மிகவும் அதிகமாக இருந்தாலோ, வேறு நோய் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எடைக் குறைப்புப் போட்டி நம் வாழ்க்கைக்கு ஒத்துவராது; பார்ப்பவருக்கு அது தருவதாகச் சொல்லும் ஊக்கமும் நிலைக்காது. அந்த மேடையை வைத்து உங்களை எடைபோடாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் எடைபோடாதீர்கள். வீட்டில் பருத்த உடம்போடு ஒருவர் இருந்தால் கேலியை நிறுத்திவிட்டு, நாளைக் காலை அவரோடு சேர்ந்து அரை மணி நேரம் நடங்கள்.