வாலையில் வடித்த வாசனை

அன்புள்ள கமலாவுக்கு,

தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்ட செய்தியும், தோழி தந்த லாவெண்டர் தைலத்தை அதன்மேல் தடவலாமா என்ற உன் கேள்வியும் நேற்றுக் கிடைத்தன. தைலம் வேண்டாம், சுட்ட உடனே குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிஷம் விரலைக் காட்டுவதுதான் முதல் சிகிச்சை. வெந்த கையைப் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஒருவர் தைலத்தொட்டியில் அமிழ்த்தியதும் புண் ஆறிற்று என்று உன் தோழி சொன்ன கதை, வாய்க்கு வாய் மாறி வந்தது.

அவர் லியோன் நகரத்து ரெனே மொரீஸ் கத்ஃபோஸே. 1910 ஜூலையில் ஆய்வுச்சாலை வெடிவிபத்தில் உடலெங்கும் தீப்பற்ற, புல்தரையில் புரண்டு அதை அணைத்த அவருக்கு, பின்னர் இரு கைகளிலும் புண் அழுகத் தொடங்கியபோது, லாவெண்டர் சாரத்தால் ஒருமுறை கழுவியதே அழுகலை நிறுத்திற்று என்று 1937-இல் வெளியான தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். தொட்டி அதில் இல்லை. அவர் கழுவியது புதுச் சூட்டுக்காயத்தை அன்று, கிருமி புகுந்த புண்ணை. அதுவும் பெனிசிலின் கண்டறியப்படாத காலத்தில். அந்தப் பேதத்தை மறந்துவிட்டால் ஒரு மனிதரின் அனுபவம் எல்லோருக்கும் வைத்தியமாகிவிடும் அபாயம் உண்டு.

இந்தத் தைலத்தைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. இன்றியமையாதது என்பதன்று, செடியின் சாரம் என்பதே 'எசென்ஷியல் ஆயில்' என்ற ஆங்கிலப் பெயரின் தாத்பரியம். பரிமளம் இதழில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பூவைத் தாங்கும் புல்லிவட்டத்தின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் அதன் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. தென்பிரான்சின் புரோவென்ஸ் மலைச்சரிவுகளில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறுத்த பூங்கதிர்களை வாலை என்னும் வடிகலத்தில் திணித்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்த, அந்தச் சுரப்பிகள் வெடித்துத் தைலம் ஆவியோடு கலந்து மேலேறி, குளிர்நீரில் மூழ்கிய சுருள்குழாய் வழியே இறங்கித் திரவமாகி, தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஒரு கிலோ தைலத்துக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும்.

லாவெண்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் விற்பனையாகின்றன. உயர்ந்த மலையில் வளரும் மெய்யான லாவெண்டர் ஒன்று. 'ஓட்-புரோவென்ஸ் லாவெண்டர் தைலம்' என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள, 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள நிலத்தில் விளைந்ததாக இருக்கவேண்டும் என்று 1981 முதல் பிரெஞ்சு விதி சொல்கிறது. மற்றொன்று லாவாண்டின், இருவகை லாவெண்டர்ச் செடிகளுக்கிடையே தேனீக்கள் மகரந்தம் கடத்தியதால் பிறந்த, விதையளிக்காத கலப்பினம். இதைக் கிளைவெட்டி நட்டே பெருக்குகிறார்கள். தைலம் தாராளமாகக் கிடைப்பதால் சோப்புக்கும் துணிச்சலவைப் பொருள்களுக்கும் இதுவே போகிறது. மெய்யானதில் அநேகமாக இல்லாத கற்பூரவாடை இதில் எடுப்பாக வீசும். உன் தைலத்தை முகர்ந்ததும் பூஜையறை நினைவுக்கு வந்தால், அது லாவாண்டின் என்று நீ சந்தேகிக்கலாம்.

கைக்குட்டையில் ஒரு துளி விட்டுத் தலையணையருகே வைத்துக்கொள். மனம் இளகி உறக்கம் கூடுவதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள், நானும் உணர்ந்திருக்கிறேன். உடலில் தேய்ப்பதானால் ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி போதும். உள்ளுக்குச் சாப்பிடாதே, ஜெர்மனியில் மனப்பதற்றத்துக்காக 80 மில்லிகிராம் மாத்திரையாக விற்கிறார்களே என்றால், அது அளவும் தரமும் நிர்ணயித்துச் செய்த மருந்து, சீசாத் தைலம் அப்படியன்று. வீட்டுப் பூனைக்கும் இது ஆகாது.

மூடியை இறுக மூடிவை. தைலத்திலுள்ள லினலூல் என்னும் வாசனைப் பொருள் காற்றுப்பட்டு நாளாகும்போது, தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. ஆதலால் திறந்த தேதியைச் சீசாவில் எழுதி ஒட்டு.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது அதை எடுத்து வா. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு மறுநாள் பார்ப்போம். சாரம் மட்டுமானால் ஆவியாய்ப் போயிருக்கும், சமையலெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க்கறை நிற்கும்.

அன்புடன்,
உன் பெரியப்பா