மலைநாட்டுக் குடிநீரும் இயற்கைக் கதிர்த்தொழிற்பாடும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் மரக்கறியும் நெல்லும் விளைவிக்கும் கமக்காரர் பலர் பீலி வழியாக வரும் ஊற்று நீரைக் குடிக்கின்றனர். சிலர் குழாய்க் கிணறு அமைக்கின்றனர். இரண்டு நீரும் பளிங்குபோலத் தெளிந்திருப்பினும், அவை தங்கி வந்த இடங்கள் வேறாகும்.

மத்திய மலைநாட்டின் பழம்பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு கலந்துள்ளன. இந்நாட்டின் கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்து, பின்னாளிற் கலையாராய்ச்சியாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அவர்கள், சபரகமுவையிலிருந்து கிடைத்த தோரியனைற்று என்னும் தோரியம் மிகுந்த கனியத்தை 1904 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். பாறை வெடிப்புகளில் நெடுங்காலந் தங்கும் ஆழ்நீர், யுரேனியம், இரேடியம் ஆகியவற்றைக் கரைத்துக் கொள்ளக்கூடும். இரேடியத்திலிருந்து இரேடன் என்னும் வாயுவும் பிறக்கின்றது. மேற்பரப்பில் ஓடும் ஓடை நீரில் இவை பொதுவாகக் குறைவு.

இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. நீங்கள் பயிரிடும் உருளைக்கிழங்கிலுள்ள பொற்றாசியத்திலும் சிறிது கதிர்த்தொழிற்பாடு உண்டு. நம் உடலிலேயே அதனால் ஏறக்குறைய 4,000 பெக்கரல் இருக்கின்றது. குடிநீரைப் பொறுத்தவரை, அல்பாக் கதிர் இலீற்றருக்கு 0.5 பெக்கரல், பீற்றாக் கதிர் 1 பெக்கரல் என்பன உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் சோதனை அளவுகளாகும். இவற்றைத் தாண்டிய நீரை உடனே நஞ்செனத் தள்ளலாகாது. எப்பொருளால் அளவு கூடியதென மேலும் ஆராய வேண்டும்.

“கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்” என்பது தவறான எண்ணம். கொதிக்கும்போது இரேடன் வெளியேறும். யுரேனியமும் இரேடியமும் நீரிலேயே நிற்கும். ஆயினும் கொதிக்க வைப்பதைக் கைவிடாதீர். மாட்டுக் கொட்டிலுக்கும் மலகூடத்துக்கும் கீழேயுள்ள ஊற்றில் நோய்க் கிருமிகளே முதற் பகை. பீலியிலிருந்து நீர் உயரத்தினின்று விழுந்து காற்றோடு கலப்பதாலும் இரேடனிற் பெரும்பங்கு பறந்துவிடும். தொட்டி மூடிய அறைக்குள் இருப்பின், அவ்வறைக்குக் காற்றோட்டம் வேண்டும். இரேடனைக் குடிப்பதிலும் நெடுங்காலஞ் சுவாசிப்பதே நுரையீரலுக்குப் பெருந்தீங்காகும்.

பலர் எண்ணாத செய்தியொன்று வடிகட்டும் பொருள்களைப் பற்றியது. நீரிலிருந்து பிரிந்தது மறைந்து விடுவதில்லை; வடிகட்டியிற் சேர்கின்றது. இரும்பும் மங்கனீசும் படிந்து கறுத்த மணல் இரேடியத்தைப் பற்றிக்கொள்ளும். வன்னீரை மென்னீராக்கும் பிசினும் அவ்வாறே. கரி இரேடனைப் பிடிக்க, அது சிதைந்து உண்டாகும் ஈயம் முதலியன கரியிலே தங்கும். வீட்டு வடிகட்டியிற் சேர்வது சொற்பமே. ஆனால் ஒரு தோட்டம் முழுவதற்கும் ஆழ்கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் வடித்த மணலை, “மண்ணுக்கு நல்லது” என்று கரட், லீக்ஸ் பாத்திகளிற் பரப்புதலும், கூட்டெருவிற் கலத்தலும், ஓடையிற் கொட்டுதலும் கூடா. அதனை ஒருபுறம் மூடிவைத்து, அளவிட்டறிந்த பின்னரே அகற்றுக.

புதிய குழாய்க் கிணற்று நீரைக் குடிக்கத் தொடங்குமுன் ஒருமுறை சோதிப்பித்தல் நன்று. இது பற்றி 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை அணுசக்திச் சபையை விசாரிக்கலாம். இரேடன் சோதனைக்கு நீரைக் குமிழியின்றிப் போத்தலின் வாய்வரை நிரப்பி இறுக மூடி, எடுத்த நாளையும் நேரத்தையும் கிணற்றின் ஆழத்தையும் எழுதி ஒட்டுக. இரேடன் 3.8 நாளிற் பாதியாகக் குறைந்துவிடுமாதலால், போத்தலைத் தாமதமின்றி ஒப்படைத்தல் வேண்டும்.