களத்து அறிவும் ஏட்டு அறிவும்

போன மாதம் அந்தக்கரணம் நான்கையும் பார்த்தோம்: மனம், புத்தி, சித்தம், அகங்காரம். மனம் பற்றும், புத்தி நிச்சயிக்கும். இந்த மாதப் பாடம் புத்தியைப் பற்றி மட்டும். அதைக் கோயிலில் தொடங்காமல் கூடைப்பந்துக் களத்தில் தொடங்குகிறேன். காரணம், நான் செய்த ஒரு தப்பு.

நம் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறான். அரையாண்டுத் தேர்வில் வரலாறும் கணிதமும் போய்விட்டன. அவனுடைய அம்மா என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்க தம்பி, பந்து பந்துன்னே இருக்கான்" என்றார். நானும் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "டேய், பந்த வெச்சிட்டுப் புத்தகத்த எடு. ஆடுறவனுக்கு மூளை கால்லதான் இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அவன் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் நான் சொன்னது உண்மையா என்று தேடிப் படித்தேன். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களுக்கு மூளை எங்கே இருக்கிறது?

முதலில் பில் பிராட்லி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம், பிறகு ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்ஃபர்டு, நியூயார்க் நிக்ஸ் குழுவோடு 1970-லும் 1973-லும் வெற்றிக் கிண்ணம், அதன்பின் 18 ஆண்டுகள் அமெரிக்கச் செனட்டர். இதைப் படித்ததும் "பிறவியிலேயே மேதை போல" என்றுதான் நினைத்தேன். ஆனால், பல்கலைக்கழகம் போகுமுன் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் சொற்திறன் பகுதியில் அவர் வாங்கிய மதிப்பெண் 800-க்கு 485. அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் நானே அவரைப் பார்த்து, "பந்த வெச்சிட்டுப் போ" என்று சொல்லியிருப்பேன்.

ஜான் மெக்ஃபீ என்ற எழுத்தாளர் பிராட்லியைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. பழக்கமில்லாத ஒரு பள்ளி அரங்கில் பிராட்லி பயிற்சி செய்கிறார். பந்து அடுத்தடுத்து வளையத்தில் பட்டு வெளியே வருகிறது. கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, வளையம் ஒன்றரை அங்குலம் தாழ்வாக இருக்கிறது என்கிறார். சில வாரம் கழித்து மெக்ஃபீ ஏணியும் அளவு நாடாவும் கொண்டுபோய் அளக்கிறார். 10 அடி இருக்க வேண்டிய வளையம், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே தாழ்ந்திருந்தது. கையை நம்பாமல் வளையத்தின் மேல் பழி போடுவதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் அது அளவெடுத்த நிச்சயம். புத்தி நிச்சயிக்கும் என்று படித்தோமே, அது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

கல்லூரிப் பக்கமே போகாத லெப்ரான் ஜேம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் பாஸ்டனோடு தோற்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் என்ன நடந்தது என்று நிருபர்கள் கேட்டார்கள். யார் பந்தை எடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எது தவறியது என்று வரிசையாக ஒப்பித்தார். காணொளியோடு ஒத்துப் பார்த்தால் சரியாக இருந்தது. நம் மரபில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று அவதானம். எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்க, எதையும் விடாமல் மனத்தில் வைத்துப் பதில் சொன்னால் அட்டாவதானி, நூறானால் சதாவதானி. அருச்சுனன் பறவையின் கண்ணை மட்டும் பார்த்த கதையை எல்லாரும் சொல்வோம். கூடைப்பந்தில் அது இலவச எறிதலுக்குத்தான் உதவும். மற்ற நேரமெல்லாம் பத்துப் பேரையும் ஒரே சமயத்தில் பார்த்தாக வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தம்பிக்கு இனிப்பான செய்தியாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

1980-ல் கனடாவில் ஆய்வாளர்கள் கூடைப்பந்து ஆடுவோருக்கும் ஆடாதோருக்கும் ஆட்டப் படங்களைச் சில விநாடி மட்டும் காட்டி, யார் எங்கே நின்றார் என்று நினைவிலிருந்து குறிக்கச் சொன்னார்கள். ஒழுங்கான ஆட்ட அமைப்பு இருந்த படங்களில் ஆட்டக்காரர்கள் நன்றாகவே முந்தினார்கள். பந்து கைமாறி எல்லாரும் சிதறி ஓடும் படங்களில் அந்த மேன்மை காணாமல் போனது. அதாவது, அவர்களுக்குப் பொதுவாகவே பெரிய ஞாபகசக்தி என்று சொல்ல முடியாது. பல வருடம் ஆடி ஆடிப் பழகிய ஒரு மொழியை அவர்கள் வாசிக்கிறார்கள். சதுரங்க வல்லுநர்களிடமும் இதே முடிவுதான் வந்தது.

ஆகவே தம்பி, களத்தில் நீ காட்டுவது மெய்யான புத்திதான். ஆனால் அது தானாக நடந்து வந்து எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளில் உட்காராது. அந்த மொழியையும் தனியாகப் பழக வேண்டும். பிராட்லியும் அப்படித்தான் பழகினார், மணிக்கணக்காக நூலகத்தில் உட்கார்ந்து.

டிம் டங்கனைச் சொல்லாமல் விட முடியாது. கரீபியன் கடலில் உள்ள செயிண்ட் குரோய் தீவுப் பிள்ளை. முதலில் நீச்சல் வீரர். 1989-ல் ஹியூகோ புயல் வந்து நீச்சல் குளத்தை அழித்தது. அடுத்த ஆண்டு, அவருடைய 14-வது பிறந்தநாளுக்கு முதல்நாள், அம்மா புற்றுநோயில் போய்விட்டார். பிள்ளைகள் பட்டம் வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தால் கோடிக்கணக்கில் சம்பளம் காத்திருந்தது. டங்கன் நான்கு வருடமும் இருந்து உளவியல் பட்டம் வாங்கிய பிறகுதான் 1997-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். தற்பெருமைக்காரர்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற ஆய்வுக் கட்டுரையில் இணை ஆசிரியராகவும் இருந்தார். பிறகு ஒரே குழுவில் 19 பருவம் ஆடி ஐந்து முறை வென்றவர், தற்பெருமையே இல்லாதவர் என்று பெயர் எடுத்தது வேடிக்கைதான்.

ஷாக்கீல் ஓனீல் வேறு வழி. 1992-ல் படிப்பைப் பாதியில் விட்டுப் போனார். அவரும் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2000-ல் பட்டமளிப்புக்காக ஓர் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போய் நின்றார். 2012-ல் கல்வித் துறையில் முனைவர் பட்டம். ஏழடிக்கு மேல் உயரம், அங்கியை எங்கே தைத்தார்களோ!

நான்காவது வாரம் அந்தத் தம்பியின் வீட்டுக்கே போனேன். எல்லார் முன்னால் சொன்னது தப்பு என்றேன். "பரவாலண்ணே" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. இந்தக் கனடா ஆய்வைப் பற்றிச் சொன்னதும்தான் நிமிர்ந்தான். "நம்ம பசங்ககிட்ட செஞ்சு பாக்கலாமாண்ணே?" என்று கேட்டான்.

ஆக, வரும் ஞாயிறு வகுப்புக்கு எல்லாரும் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஆட்டக் காணொளி ஓடும். நடுவில் நிறுத்தித் திரையை அணைப்போம். பத்துப் பேரும் எங்கே நின்றார்கள் என்று புள்ளி வைக்க வேண்டும். அதே வகையில் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பக்கத்தையும் காட்டி மூடுவோம். காணொளியை நிறுத்தப் போவது அவன்தான். பக்கத்தைத் தேர்ந்தெடுக்கப் போவது அவனுடைய அம்மா.