அடுத்தவர் கைவேலையை உங்கள் பில்லில் விற்பது எப்படி? ஆரம்பக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் ஆர்டர் பிடிக்கும் எல்லோரிடமும் மெஷின் இருப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்கி, தரம் பார்த்து, தங்கள் பெயரில் பில் போடுகிறார்கள். இதே ஏற்பாட்டைக் கம்ப்யூட்டர் வேலையிலும் செய்யலாம். வீடியோக்களில் சொல்வதுபோல் தூங்கும்போது காசு கொட்டாது. நீங்கள் வாங்குகிற லாபம், பொறுப்பேற்பதற்கும் சரிபார்ப்பதற்குமான கூலி.

படி 1: ஒரே ஒரு வேலை

வெப்சைட், லோகோ, வீடியோ என்று பலகை மாட்டாதீர்கள். சரியா தவறா என்று அளந்து பார்க்கக்கூடிய வேலையாக ஒன்றை எடுங்கள். என் ஓட்டு, ஆன்லைனில் துணி விற்பவர்களுக்கான போட்டோ எடிட்டிங்குக்கு. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது ஆர்ஜிபி 255, 255, 255 ஆக இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை. லோகோவில் அப்படியா? முதலாளிக்குப் பிடித்தாலும் மச்சானுக்குப் பிடிக்காது.

படி 2: ஆள் பிடிப்பது

ஃபைவர், அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களிலோ தெரிந்தவர் மூலமோ தேடுங்கள். ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் நம்பாமல், காசு கொடுத்தே ஐந்து படங்களைச் சோதனைக்கு அனுப்புங்கள். அவற்றில் ஒன்று வெள்ளைச் சட்டையாக இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் துணியை வெட்டும்போது, அவசரக்காரர் காலரின் ஓரத்தைத் தின்றுவிடுவார்; கைதேர்ந்தவர் மடிப்பின் நிழலைக் காப்பாற்றி ஓரத்தைத் தெரிய வைப்பார். இன்னொன்று லேஸ் வைத்த சுடிதார். இவை இரண்டிலும் தேறியவரை விடாதீர்கள். கூடவே மாற்றாளாக ஒருவர் வேண்டும். தீபாவளிக்கு முன்பு எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள்.

அப்வொர்க்கில் அறிமுகமானவருக்கு இரண்டு ஆண்டு வரை தளத்துக்கு வெளியே பணம் கொடுக்கக் கூடாது என்பது அதன் விதி. மீறினால் கணக்கு முடங்கலாம்.

படி 3: விலை போடுவது

ஒரு கணக்குக்காக 200 படம் என்று வைப்போம். எடிட்டருக்குப் படத்துக்கு ₹15, நீங்கள் வாங்குவது ₹35. கைக்கு ₹7,000 வந்து ₹3,000 போகிறது, மிச்சம் ₹4,000. ஆர்டரையே ஃபைவர் வழியாகப் பிடித்திருந்தால் அவர்கள் 20 சதவீதம், அதாவது ₹1,400 எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் ₹2,600. படத்துக்கு ஒரு நிமிடம் பார்த்தாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். வேண்டியதை நீங்கள் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தால் திருத்தச் செலவும் உங்களுடையதுதான். பாதி அட்வான்ஸ் வாங்காமல் வேலையைத் தொடாதீர்கள். "அடுத்த மாசம் சேர்த்துப் பாத்துக்கலாம் தம்பி" என்பார்கள்; எடிட்டர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

படி 4: காகிதம்

சேவைத் தொழிலில் ஜிஎஸ்டி பதிவுக்கான பொது வரம்பு ஆண்டுக்கு ₹20 லட்சம். கணக்கில் வருவது உங்கள் லாபம் அல்ல, நீங்கள் பில் போட்ட முழுத் தொகை. வெளிநாட்டு எடிட்டரிடம் வேலை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரிப் பொறுப்பு உங்கள் மேல் விழும். அந்த 20 லட்ச வரம்பும் அங்கே காப்பாற்றாது. ஆகவே உள்நாட்டு ஆட்களோடு தொடங்குங்கள். ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பின்னாளில் லோகோ, டிசைன் பக்கம் போனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வரும். ஃப்ரீலான்ஸர் உங்கள் ஊழியர் அல்ல. அவர் வரைந்ததன் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். எழுத்தில், கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை உங்களுக்கே முழுதாக வராதபோது வாடிக்கையாளருக்கு எதை விற்பீர்கள்?

படி 5: முதல் வாடிக்கையாளர்

ஆன்லைன் கடைகளில் மங்கலான படம் போட்டிருக்கும் ஒரு விற்பனையாளரைக் கண்டுபிடியுங்கள். அவருடைய படம் இரண்டைச் சரிசெய்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீளமான அறிமுகக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. "நீங்களே செய்றீங்களா?" என்று கேட்டால், ஆள் வைத்துச் செய்வதாகவும் ஒவ்வொரு படத்தையும் நீங்கள் பார்த்த பிறகே அனுப்புவதாகவும் சொல்லுங்கள். இன்னும் சந்தைக்கு வராத டிசைன்கள் அவர் தரும் படங்களில் இருக்கலாம் என்பதால், வெளியாள் என்றதும் அவர் தயங்கலாம். எடிட்டர் அவற்றைத் தன் மாதிரி வேலையாக வெளியே காட்டக் கூடாது என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால் அந்தப் பதிலைத் தயங்காமல் சொல்லலாம்.