ஓட்டையில்லாத் தொட்டியில் செடி நிலைக்காது



திருமணம், புதுமனை புகுவிழாக்களில் தாம்பூலப் பையுடன் ஒரு சிறு செடியும் கொடுக்கும் வழக்கம் பரவி வருகிறது. அழகிய பீங்கான் தொட்டியில் நட்ட சதைப்பற்றுள்ள செடிகளே இதற்கு அதிகம் போகின்றன. பலசரக்குடன் இதையும் விற்கலாமா என்றால், தாராளமாக விற்கலாம். ஆனால் கொண்டுபோன செடி ஒரே மாதத்தில் அழுகிவிட்டால், வாடிக்கையாளர் செடியைக் குறை சொல்ல மாட்டார். நம் கடையைத்தான் சொல்வார். எனவே சரக்கின் குணத்தை முதலில் அறிவோம்.

பெயர்தான் புதிது, செடி நமக்குப் பழக்கமானதே. கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி ஆகியவை இவ்வகையே. இவை இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைப்பவை. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவை இரவில் திறந்து, வெயில் நேரத்தில் மூடிக்கொள்கின்றன. ஆகவே நீர்ச்செலவு மிகக் குறைவு. இவை வாடிச் சாவதைவிட, வேர் அழுகிச் சாவதே அதிகம்.

ஈரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கில் மூட்டைக்கு அடியில் கட்டை போடுவது ஏன்? தரையின் ஓதம் ஏறாமலிருக்கத்தானே. செடிக்கும் அதே நியாயம்தான்.

1. தொட்டி: அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். ஓட்டைக்குப் பதிலாகக் கூழாங்கல் பரப்பினால் போதும் என்பது தவறு. நீர் அடியிலேயே தங்கும். அழகுத் தொட்டியில் ஓட்டை இல்லாவிட்டால், ஓட்டையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்கி வைக்கலாம். நீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகே திரும்ப வைக்க வேண்டும்.

2. மண்: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அரைப் பங்கு, உடைத்த செங்கல் துண்டு அரைப் பங்கு. களிமண் ஆகாது.

3. நடவு: ஒடித்த கிளையை மூன்று, நான்கு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பின்னரே நட வேண்டும். நட்டவுடன் நீர் வேண்டாம். சில நாள் பொறுக்கவும்.

4. அடுக்கும் முறை: உயரமானது பின்னால், ரோஜாப்பூ வடிவில் விரிவது நடுவில், படர்ந்து தொங்குவது விளிம்பில். செடிக்குச் செடி இரண்டு விரல் இடைவெளி விடவும். அதிக நீர் கேட்கும் மணி பிளாண்ட் போன்றவற்றை இவற்றுடன் சேர்க்கக் கூடாது.

5. ஒளி: கடையின் உள்மூலையில் வைத்தால் செடி வெளிறி நெட்டையாகிவிடும். காலை வெயில் படும் இடம் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

6. நீர்: நாள் கணக்கு வேண்டாம். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். எடை பார்த்துப் பழகிய கைக்கு ஈரத்தொட்டியும் காய்ந்த தொட்டியும் உடனே தெரியும். காய்ந்த பிறகு, ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றவும்.

கொள்முதலிலும் கவனம் தேவை. எச்செவெரியா போன்ற சில வகைகள் உதகை, கொடைக்கானல் குளிருக்கு நன்றாக வரும். சமவெளிக் கோடையைத் தாங்குவது கடினம். வெப்பமான ஊர்களில் கற்றாழை, பாம்புக் கற்றாழை, அடீனியம் போன்றவை நிலைக்கும். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு போலிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடியை வாங்காதீர்கள், மற்றவற்றுக்கும் பரவும். பால் வடியும் கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு இதைச் சொல்லியே விற்க வேண்டும்.

பில் விஷயம் ஒன்று: செடிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பீங்கான் தொட்டிக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே விலையில் விற்குமுன் நம் கணக்கரைக் கலந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு தொட்டியுடனும் "காய்ந்த பின் நீர் ஊற்றவும், காலை வெயிலில் வைக்கவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஓட்டையில்லாத தொட்டியை வாடிக்கையாளர் கேட்டாலும், காரணம் சொல்லி மாற்றித் தாருங்கள். செடி ஒரு வருடம் அந்த வீட்டில் பசுமையாக நின்றால், அதுவே நம் கடைக்கு விளம்பரம்.