வலி நின்று விட்டால் பல் சரியாகி விட்டதா?



யானைக்கவுனி பகுதிக் குழுக்களில் உடல்நல வகுப்பு நடத்தும்போது நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "சொத்தைப் பல் யாருக்கெல்லாம் இருக்கிறது?" என்றால் சிரித்துக்கொண்டே பல கைகள் மேலே போகும். "டாக்டரிடம் காட்டியது யார்?" என்றால் பாதிக்கு மேல் கைகள் இறங்கி விடும். "இப்ப வலி இல்லீங்க, அதான் போகல" என்பது தான் பதில். இத்தனைக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவர்களுக்குப் பக்கம் தான். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் முத்துசாமி சாலையில் இருக்கிறது. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. அவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களே போவதில்லை என்றால், பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கிராமத்தில் ஒரு நாள் கூலியை விட்டு விட்டு யார் போவார்கள்? அதனால் தான் இந்த மாதப் பாடத்துக்குப் பல்லை எடுத்துக்கொண்டோம்.

பல்லை ஒரு தேங்காய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான ஓடு. இதை எனாமல் என்கிறார்கள். இதற்கு உணர்ச்சி கிடையாது. அடுத்து பருப்பு போல ஒரு பகுதி. அதற்குக் கூச்சம் தெரியும். நடுவில் தேங்காய்த் தண்ணீர் இருக்கும் இடத்தில் பல்லுக்கு நரம்பும் ரத்தமும் இருக்கின்றன. நாம் சாப்பிடும் இனிப்பும் மாவுப் பண்டமும் பல்லில் ஒட்டிக்கொள்கின்றன. வாயில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பல்லில் புழு இருக்கிறது, புகை போட்டால் விழும் என்று இன்னும் சில ஊர்களில் சொல்கிறார்கள். அப்படி ஒரு புழு கிடையாது.

ஓடு கரையும்போது வலிக்காது. ஒரு கறுப்புப் புள்ளியோ சின்னக் குழியோ தெரியும், அவ்வளவு தான். பருப்பைத் தொட்டதும் ஜில்லென்று தண்ணீர் குடித்தால், இனிப்பு சாப்பிட்டால் சுரீர் என்று கூசும். இந்தக் கட்டத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி எடுத்து விட்டு அடைத்து விடுவார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்து விடும். நாம் போக வேண்டிய நேரம் இது தான். ஆனால் யாரும் போகாத நேரமும் இது தான்.

விட்டு விட்டால் சொத்தை நரம்பைத் தொடும். அப்போது வலி தானாகவே வரும். ராத்திரி படுத்தால் கூடும். சூடாக டீ குடித்தால் வெகு நேரம் விண் விண் என்று தெறிக்கும். இனி சும்மா அடைத்தால் போதாது. வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனல் செய்ய வேண்டும். கெட்டுப்போன நரம்பை வேர் வரைக்கும் சுத்தமாக எடுத்து விட்டு, அந்தக் குழாயை மருந்து வைத்து அடைப்பார்கள். மரத்துப் போக ஊசி போட்டுத் தான் செய்வார்கள். ஒன்றிலிருந்து மூன்று முறை வரை போக வேண்டியிருக்கும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். சிகிச்சை எதுவும் செய்யாமலே சில நாளில் வலி தானாக நின்று விடுவதும் உண்டு. மாத்திரை கேட்டது, கிராம்பு கேட்டது என்று சந்தோஷப்படுகிறோம். பல சமயம் நடந்தது என்ன தெரியுமா? உள்ளே நரம்பு செத்து விட்டது. வலியைச் சொல்ல ஆள் இல்லை. கிருமியோ வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதமோ மூன்று வருடமோ கழித்து ஈறில் கொப்புளம் வரும், சீழ் வரும், கன்னம் வீங்கும்.

வேர் சிகிச்சையைப் பாதியில் விடுவது இன்னொரு தொல்லை. முதல் முறை போனதுமே வலி குறைந்து விடும். தற்காலிகமாக மருந்து வைத்து அனுப்புவார்கள். "சரியாப் போச்சு, இனிமே எதுக்குக் காசு" என்று நின்று விடுகிறோம். அந்த மருந்து கரைந்து கிருமி திரும்ப உள்ளே போகும். கடைவாய்ப் பல்லாக இருந்தால் மேலே உறை, அதாவது கேப், போட வேண்டும் என்பார்கள். நரம்பு எடுத்த பல் பலம் குறைந்தது. முறுக்கு கடித்தால் கூட இரண்டாகப் பிளந்து விடும். தனியாரிடம் இதற்குச் சில ஆயிரங்கள் ஆகும். உள்கடன் வாங்குகிறவர்கள், உறைக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுச் சேர்த்து வாங்குங்கள். பாதிப் பணத்துக்கு கடன் வாங்கி, பாதி சிகிச்சை செய்து, பல்லும் போய், வட்டி கட்டும் உறுப்பினர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பல் எடுப்பது கடைசி வழி. ஈறு வரை உடைந்து போன பல், எலும்பு கரைந்து ஆடும் பல், கோணலாக முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல், இவற்றை எடுக்கத் தான் வேண்டும். "ஒரு பல்லு தானே, எடுத்துப் போட்டா நிம்மதி" என்று நாமாகக் கேட்கக் கூடாது. இடம் காலியானால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். அப்புறம் செயற்கைப் பல் வைக்கச் செலவு. எடுக்கப் போகும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் சொல்லி விடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டையை அப்படியே கொண்டு போய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டினியாகவும் போகாதீர்கள். எடுத்த பின் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொள்ள வேண்டும். அன்று முழுவதும் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் தான் மருந்து. அது வெளியே வந்து விட்டால் பிறகு வரும் வலி பல் வலியை விட மோசம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

யாரிடம் போகிறோம் என்பதும் முக்கியம். பி.டி.எஸ். படித்தவரா, பதிவு எண் எழுதி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். 2023ல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கிய கிருமித் தொற்றால் இறந்து போனார்கள். சுத்தம் செய்யாத கருவியால் திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது தான் காரணம் என்று ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதினார்கள். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. "கையுறை புதுசாங்க? கருவியெல்லாம் கொதிக்க வெச்சதாங்க?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. வங்கி மேலாளரிடமே கேள்வி கேட்கப் பழகிய நாம் இங்கே மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு நோய். பல்லில் கல் போல் படிந்த காறையை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். "சுத்தம் பண்ணா பல்லு ஆடிப் போகும்" என்று ஊரில் பேச்சு இருக்கிறது. உண்மையில் அந்தக் காறை தான் ஈறையும் எலும்பையும் கரைத்திருக்கிறது. காறையை எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிற அம்மாக்கள் இதை நினைவில் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஈறில் ரத்தம் அதிகமாக வரும். கர்ப்பம் என்று சொல்லி விட்டுச் சிகிச்சை எடுக்கலாம். நான்கு முதல் ஆறாம் மாதம் வசதியானது. வீக்கமும் சீழும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது.

சிலவற்றுக்கு அன்றைக்கே ஓட வேண்டும். தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் ராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீக்கத்தின் மேல் சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். வலி மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைப்பதும் கூடாது, வெந்து விடும்.

அடுத்தது புகையிலை. வேலைக் களைப்புக்கும் பசிக்கும் பல் வலிக்கும் என்று சொல்லி அடக்கி வைக்கிற சகோதரிகள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். வெறும் பாக்கு கூட நாளடைவில் கன்னத்தை இறுக்கி வாய் திறக்க முடியாமல் செய்து விடும். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவை எதுவும் வலிக்காமலே இருக்கும். வலிக்கவில்லையே என்று விடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால் கடைசியாக ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தை வந்தால் "விழுந்து முளைக்கும்" என்று விட்டு விடுகிறோம். அது முளைக்காது. ஆயுசுக்கும் அது ஒன்று தான்.

பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் இருக்கிறார். முதலில் அங்கே காட்டுங்கள், எந்தக் கிழமை வருகிறார் என்று கிராம செவிலியரிடம் கேளுங்கள். சென்னைக்கு அனுப்பினால் காலை முதல் வண்டியிலேயே கிளம்புங்கள். சீட்டு போட நேரமாகும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு டார்ச் விளக்கு கொண்டு வாருங்கள். கணக்கு முடிந்ததும் ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். கறுப்புக் குழி, காறை, வெள்ளைத் திட்டு இருக்கிறதா? மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா? ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கடைவாயையும் பாருங்கள். யாருக்கு என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் போகிறார், துணைக்கு யார் போகிறார் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.