குறைமாதக் குழந்தையின் முதல் நிமிடம்

கர்ப்பம் 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் சிசுவைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று இப்படிப்பட்டது. ஆகவே இது யாரோ ஒரு வீட்டு விஷயமன்று; நம் சங்கத்து அங்கத்தினர் குடும்பங்களிலும் நேரக்கூடியதே.

நம் மார்க்க அறிஞர்கள் இதனைப் பண்டைக் காலத்திலேயே கணக்குப் பார்த்திருக்கின்றனர். சுமப்பதற்கும் பால்குடி மறப்பதற்கும் சேர்த்து முப்பது மாதம் என்பது திருக்குர்ஆன் 46ஆம் அத்தியாயம் 15ஆம் வசனத்தின் கருத்து. பாலூட்டல் முழுமையாக இரண்டு ஆண்டு என்பது 2ஆம் அத்தியாயம் 233ஆம் வசனத்தின் கருத்து. முப்பதில் இருபத்து நான்கு போக மிச்சம் ஆறு. ஆதலால் கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று முடிவு செய்தனர். வியாபாரிகளாகிய நமக்கு இக்கழித்தல் எளிதில் விளங்கும். டாக்டர்களோ கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறார்கள். எனவே அவர்கள் கணக்கில் இரண்டு வாரம் கூடுதலாக வரும்.

இத்தகைய பிள்ளைக்கு முதல் ஆபத்து நுரையீரலில்தான். நுரையீரலின் சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் ஒட்டிக்கொள்ளாதபடி ஸர்பாக்டண்ட் என்னும் ஒரு கசிவு அவற்றின் உட்புறம் பூசியிருக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அது போதிய அளவு சுரந்திராது. நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளைப் பிரிப்பது எவ்வளவு பாடு! ஒவ்வொரு மூச்சிலும் அந்தப் பாட்டைப் படும் சிசு சீக்கிரம் களைத்துவிடும். இக்குறையை 1959இல் அமெரிக்காவின் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டறிந்தனர். ஆயினும் கைகண்ட மருந்து உடனே வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 4 ராத்தல் 10½ அவுன்ஸ். அத்தனை செல்வாக்கிருந்தும் 39 மணி நேரமே உயிர் வாழ்ந்தான். 1980இல் ஜப்பானிய டாக்டர் புஜிவாரா அக்கசிவையே மருந்தாகக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார்.

அதற்கு முன்பே, 1972இல், நியூஸிலாந்தின் லிக்கின்ஸ், ஹௌவி என்னும் இருவர், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்ட் ஊசி போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரல் முதிர்கிறது என்று நிரூபித்தனர். நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். அவ்வூசி நன்கு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மாதம் நிறையுமுன் நீர்க்குடம் உடைந்தாலும், உதிரம் கண்டாலும், விட்டுவிட்டு வலி வந்தாலும், "கடையைச் சாத்திவிட்டு இரவில் போகலாம்" என்பது கூடவே கூடாது. அந்தச் சில மணி நேரமே பிள்ளையின் மூச்சு.

பிள்ளை பிறந்ததும் முதல் அறுபது வினாடி தாதிமாருக்கும் டாக்டருக்கும் உரியது. 32 வாரத்துக்குட்பட்ட சிசுவைத் துடைத்துக் கொண்டிராமல் கழுத்து வரை சுத்தமான பிளாஸ்டிக் உறையில் பொதிந்து, தலைக்குத் தொப்பி போடுவார்கள். சூடு குறைந்தால் அதுவே எமன். நன்றாக மூச்சு விட்டால் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடம் போலப் பொறுப்பார்கள். மூச்சில்லையெனில் முகமூடி வைத்து மெல்லக் காற்றூட்டுவார்கள். பிராணவாயுவையும் அளந்தே கொடுக்கிறார்கள். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் அதைத் தாராளமாக ஊட்டியதால் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் கண்ணிழந்தன.

இந்நேரத்தில் பாங்கு சொல்ல வேண்டுமென்று வாப்பாவோ அப்பாவோ அறைக்குள் நெருக்குவதுண்டு. பாங்கு சுன்னத்தான காரியம். உயிர் காப்பது கடமை. மூச்சு சீரானபின், கண்ணாடிப் பெட்டியின் அருகே நின்று மெதுவாகச் சொன்னால் போதும். தேனோ சீனித்தண்ணீரோ நாவில் தொட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் தேன் ஆகாது. தாய்ப்பாலைத் துளித்துளியாகக் கறந்து கொடுத்தால், குடலழுகல் என்னும் கொடிய நோய் வருவது குறைகிறது. உடல்நிலை தேறியபின் உம்மாவின் மார்போடு தோல் தொட அணைத்து வைப்பதும் நல்ல சிகிச்சையே. கொலம்பியா நாட்டுப் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் தொடங்கிய முறை அது.

பிழைத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாகவே வளர்கின்றனர். எனினும் மிகச் சிறியவர்களுக்கு மூளையில் இரத்தக்கசிவு, செவிக்குறை, பார்வைக்குறை ஏற்படலாம். கண் பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவறவிடலாகாது. சில வாரம் தாமதித்தாலும் பார்வை போய்விடக்கூடும். பிள்ளையின் வளர்ச்சியை இரண்டு வயது வரை பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு எட்டு மாதமாகியும் உட்காரவில்லையே என்று உறவினர் கேட்டால், அதற்கு ஆறு மாதந்தான் ஆகிறது என்று சொல்லுங்கள்.